பேசுவதற்கு முன் ஒத்திகை பார்த்தால் அது நடிப்பாகிவிடுமா?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் நிறுவனத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 32. ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாமியார் வேலூரில் இருக்கிறார். தூக்கம் வராத தொல்லைக்காகப் போன ஆண்டு மருத்துவரைப் பார்க்கப் போனவருக்கு, பல அமர்வுகளுக்குப் பிறகு, ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது. யாரிடம் எதைப் பேசுவதானாலும் முன்கூட்டியே மனத்துக்குள் பேசிப் பார்த்துவிடுவது சிறு வயதிலிருந்தே இவருக்கு வழக்கம். "நான் இப்படிச் சொன்னால் அவர் இப்படிச் சொல்வார், அப்போது நான் என்ன சொல்வது" என்று ஒவ்வொரு பேச்சும் கிளை கிளையாக விரியும். ஆட்டோக்காரரிடம் "மீட்டர் ஹாகி" என்று கன்னடத்தில் கேட்பதற்குக்கூட வாசலில் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்வார். காலைக் கூட்டத்தில் பேச வேண்டிய நாலு வரியை அல்சூரில் மெட்ரோ ஏறியதிலிருந்து இறங்கும் வரை ஆங்கிலத்தில் உருப்போடுவார். ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றால் சனி இரவே தூக்கம் போய்விடும்.

சில வாரங்களுக்கு முன், மின்கட்டண ரசீதைத் தேடுவதற்காக இவருடைய கைப்பேசியை வாங்கிய கணவர் கண்ணில் ஒரு குறிப்பு பட்டிருக்கிறது. தலைப்பு: "பொங்கலுக்கு ஊருக்குப் போவது பற்றி அவரிடம்." அதன் கீழே, "அவர் சிரித்தால்" என்று ஒரு பத்தி, "அவர் கோபப்பட்டால்" என்று இன்னொரு பத்தி. அவர் கேட்டது இதுதான்: "என்னிடம் பேசுவதற்கும் வசனம் எழுதி வைத்துக்கொள்கிறாயா? அப்படியானால் இந்த நான்கு வருஷமாக நீ பேசியதெல்லாம் நடிப்பா?"

வாசகியின் கேள்விகள் மூன்று. இந்தப் பழக்கத்தை விட்டால் ஆட்டிசம் குறையுமா? ஓர் ஆலோசகர் "தயாரிப்பே இல்லாமல் இயல்பாகப் பேசிப் பழகுங்கள்" என்றார். முயன்று பார்த்ததில் அலுவலகத்தில் வாயே திறக்க முடியாமல் போனது, இது என் தோல்வியா? மேலாளரிடம் சொல்லலாமா, ஊனச் சான்றிதழ் இல்லாமல் எதையும் கேட்க முடியாது என்று தோழி சொல்கிறாரே?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுவதும் உங்களை உறுத்துவது அதுதான். நீங்கள் பேசியது நடிப்பு இல்லை.

இருவர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியுமா? பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் எதிரில் இருப்பவரின் சொல்லைக் கேட்டு, குரலைக் கணித்து, முகத்தைப் படித்து, சொல்லாமல் விட்டதையும் ஊகித்து, தனக்கான பதிலைக் கோத்து எடுத்துவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது தானாக நடப்பதால், இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே தெரிவதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு இதில் பாதியை உணர்வோடு, ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது. கூடவே அறையில் ஓடும் ஏசி சத்தமும் பக்கத்து மேசைப் பேச்சும் அதே அளவில் காதில் விழுந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் முடியாத வேலையை நீங்கள் முந்தைய இரவுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். காலை அவசரத்துக்கு ஈடுகொடுக்க இரவே காய் நறுக்கி வைத்துவிடும் வீடுகள் எத்தனை! அந்தக் காயில் வைத்த குழம்பை யாரும் பொய்க் குழம்பு என்று சொல்வதில்லை.

உங்கள் விஷயத்தில் மொழிச் சுமையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழ், ஆட்டோவில் கன்னடம், குடியிருப்புக் காவலாளியிடம் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம். ஆட்டிசம் இல்லாத தமிழர்களும் பெங்களூருக்கு வந்த புதிதில் கன்னட வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் பேசுவதில்லை. ஆட்டோவுக்கு முன்னால் நீங்கள் தயங்கும் தயக்கம் முழுவதையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நிறுத்தினால் குறையுமா?

குறையாது. ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வளர்ந்த விதம். ஒத்திகை அதனால் உண்டான ஒரு வழிமுறை. வழிமுறையைப் பிடுங்கிவிட்டால் அடிப்படை மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. நீங்கள் ஒத்திகை இல்லாமல் கூட்டத்துக்குப் போய்ப் பேச்சற்று நின்றது உங்கள் தோல்வி ஆகாது.

அந்த ஆலோசகர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிறர் முன் பேசுவதற்கு அளவுமீறி அஞ்சுபவர்களுக்கான சிகிச்சையில், ஒவ்வொரு வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு போவதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்வது உண்டு. "தயாரிக்காமல் போனாலும் ஒன்றும் ஆகவில்லை" என்பதை அவர்கள் நேரில் கண்டு பயம் தெளிவதற்காக அது. அவர்களுக்கு அது பலிக்கிறது. பயம் மட்டுமே காரணமாக இல்லாத உங்களைப் போன்றவர்களிடம் அதை அப்படியே பொருத்தினால், கைப்பிடி இல்லாத படியில் ஏற்றிவிட்டதாகவே முடியும். ஆட்டிசமும் பதற்றமும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், உங்கள் ஒத்திகையில் எது எதற்குச் சொந்தம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது தேவை.

பயன்படும் ஒத்திகையும் வருத்தும் ஒத்திகையும்

உங்கள் கடிதத்திலேயே இரண்டுக்கும் சான்று இருக்கிறது. மெட்ரோவில் உருப்போடும் நாலு வரிக்கு ஒரு முடிவு உண்டு. ரயில் நிற்கிறது, நீங்கள் இறங்குகிறீர்கள், கூட்டத்தில் சொல்கிறீர்கள், வேலை முடிந்தது. "சொன்ன பிறகு நிம்மதியாக இருக்கும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை யாருக்காகவும் விட வேண்டாம்.

மாமியாருக்கான ஒத்திகை வேறு வகை. குறிப்பை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள்: "அத்தை, சாப்பிட்டீர்களா? (ஆயிற்று என்பார்.) முழங்கால் வலி எப்படி இருக்கிறது? (பரவாயில்லை என்பார்.) மாத்திரை தீர்ந்துவிட்டதா?" இப்படிப் பதினைந்து வரி. அன்று அவர் இரண்டாவது வரியிலேயே, "உன் தம்பி வேலை மாறிவிட்டானாமே?" என்று கேட்டுவிட்டார். குறிப்பில் தம்பி இல்லை. நீங்கள் மௌனமாக இருந்ததில் லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு மூன்று நாள், அந்த ஒரு கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நடந்து முடிந்த பேச்சுக்கு ஒத்திகை கிடையாது. அது உங்களை நீங்களே குறுக்கு விசாரணை செய்வது, உங்கள் தூக்கத்தைத் தின்பதும் அதுதான்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. என்ன சொல்வது என்று தயாரிப்பதோடு நிற்காமல், எங்கே சிரிப்பது, கண்ணை எவ்வளவு நேரம் பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று வேறொரு ஆளாகவே மாறுவதற்குப் பயிற்சி எடுப்பது. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களை மறைத்துக்கொள்வதை அளப்பதற்கு பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். பேச்சுக்கு முன்வரைவு வைத்துக்கொள்வதும், பிறர் முன்னிலையில் 'நடிப்பதாக' உணர்வதும் அதில் தனித்தனிக் கேள்விகளாக இடம்பெறுகின்றன. இப்படி மறைத்தே வாழ்வதோடு களைப்பும் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அலுவலகத்திலிருந்து திரும்பியதும் விளக்கைக்கூடப் போடாமல் ஒரு மணி நேரம் படுத்துக்கிடப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் நாலு வரித் தயாரிப்பாக இருக்க முடியாது. நாள் முழுக்க முகத்தைத் தூக்கிப் பிடித்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வரிகளைக் குறைத்து, வழியைப் பழகுங்கள்

ஒத்திகையை விடச் சொல்ல மாட்டேன். எதை ஒத்திகை பார்ப்பது என்பதை மாற்றச் சொல்வேன். பதினைந்து வரி வசனத்தின் குறை, எதிரில் இருப்பவருக்கும் நீங்களே வசனம் எழுதிவிடுவதுதான். அவர் அதைப் படித்திருக்க மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே விஷயங்களை மட்டும் எழுதிப் பாருங்கள். இந்தப் பேச்சு எதற்காக (அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்). தொடங்கும் வரி. எதிர்பாராதது வந்தால் கைகொடுக்கும் வரி. முடிக்கும் வரி.

இவற்றில் மூன்றாவதுதான் உயிர்நாடி. "அதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அத்தை", "கொஞ்சம் யோசிக்க விடுங்கள்", "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, உங்களுக்கு யார் சொன்னார்கள்?" போன்ற வரிகள் எந்தக் கேள்விக்கும் பொருந்தும். கிளைகளை எல்லாம் மனப்பாடம் செய்யும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இந்த வரிகளுக்குக் கொடுங்கள். வாய்விட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும், தடங்கலின்றி வரும் வரை. தம்பியைப் பற்றிய கேள்விக்கு உங்களுக்கு அன்று தேவைப்பட்டது பதிலே இல்லை, மூன்று நொடி அவகாசம்.

முடிக்கும் வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போனை எப்படி வைப்பது என்று தெரியாமலேயே பேச்சு இழுபட்டு, உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. "அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் அத்தை, அடுத்த வாரம் பேசுகிறேன்" என்று சொல்ல வேண்டாம், பால் இல்லாவிட்டால் அதுவும் உங்களை உறுத்தும். "சரி அத்தை, உங்களிடம் பேசியது சந்தோஷம், அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன்" போதும்.

பேசி முடித்த பிறகு, "என்ன நடந்தது, அடுத்த முறைக்கு என்ன" என்று இரண்டே வரி எழுதி மூடிவிடுங்கள். மனம் மறுபடி ஓட்ட ஆரம்பித்தால் அதை அதட்டி அடக்க வேண்டாம், எழுந்து உடம்புக்கு ஒரு வேலை கொடுங்கள். அல்சூர் ஏரிப் பக்கம் நடப்பது பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல மருந்து.

இன்னொன்று. எல்லாப் பேச்சையும் பேசித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆட்டோவைச் செயலியில் பிடிக்கலாம். மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். இதைத் தப்பித்தல் என்று நினைத்து உங்களைத் தண்டித்துக்கொள்ளாதீர்கள். மிச்சமாகும் தெம்பை வேண்டியவர்களிடம் செலவழியுங்கள். ஆனால் தோழியைச் சந்திப்பது, மருத்துவரிடம் வலியைச் சொல்வது என்று உங்களுக்கு வேண்டியவையே நழுவத் தொடங்கினால், அப்போது கவனிக்க வேண்டும்.

கணவரிடம்

அவர் புண்பட்டிருக்கிறார், அதில் வியப்பில்லை. பெண்டாட்டி தன்னிடம் யோசிக்காமல் பேசுவாள் என்பதுதான் நம் வீடுகளில் நெருக்கத்தின் அடையாளம். அந்தக் குறிப்பை அவர் தந்திரக் கணக்காகப் படித்துவிட்டார். "அவர் கோபப்பட்டால்" என்ற பத்தியை நானும் படித்தேன்: "அவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்." அதை எழுதியவருக்குக் கணவர் மேல் அக்கறை இல்லையென்று யாரால் சொல்ல முடியும்? ஆட்டிசத்தைப் பற்றி அவருக்கு வகுப்பெடுப்பதற்கு முன்னால், அந்தக் குறிப்பையே இருவருமாக உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

அவரிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. "யோசிக்காமல் சட்டென்று சொல்" என்று சோதிக்க வேண்டாம். சட்டென்று வருவதுதான் உண்மை என்பது எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுக்கு யோசித்து வருவதே உண்மைக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவது, பெரிய விஷயங்களை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பேசட்டும்: "நாளை இரவு சாப்பிட்ட பிறகு கார் கடன் பற்றிப் பேசலாமா?" உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. தயாரித்துவிட்டுத்தான் பேசுகிறீர்கள் என்பதை இனி மறைக்காதீர்கள். "இதை எழுதி வைத்திருக்கிறேன், படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் படியுங்கள். அவருக்கும் உங்களிடமிருந்து எதிர்பாராத ஒரு வார்த்தை வேண்டியிருக்கும், அந்த ஆசையும் நியாயமானதே. அது பேச்சாகத்தான் வர வேண்டும் என்பதில்லை.

2012இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறரைப் புரியவில்லை என்பது பாதிக் கதைதான். பிறருக்கும் அவரைப் புரிவதில்லை. இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது. பிறகு 2020இல் ஸ்காட்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து மற்றவர் காதுக்குக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசைக்கு இணையாகக் கதையைக் கடத்தியது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதறியது. உங்கள் வீட்டில் இருப்பது கலந்த வரிசை. உழைப்பு முழுவதும் உங்கள் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. அவர் கோபத்தை முன்கூட்டிக் கணக்கிடுவது உங்கள் இயல்பால் மட்டும்தானா, அல்லது அந்தக் கோபத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டியிருக்கிறதா? கடிதத்தில் அப்படி எந்தச் சாயலும் இல்லை. கை ஓங்குவதோ அவமானப்படுத்துவதோ இருந்தால், அது ஆட்டிசம் சார்ந்த சிக்கலே அல்ல; பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள்.

அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா

சான்றிதழ் இல்லாமல் எதையும் கேட்க முடியாது என்று உங்கள் தோழி சொல்வது சரியல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஊனம் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற வரம்பும் அரசுச் சான்றிதழும் அரசு வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத் தேவை. 'கூட்டத்தின் பொருளை முதல் நாளே அனுப்புங்கள்' என்று கேட்க எந்த அட்டையும் வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

அதே சமயம் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊழியருக்கு ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு வெளிப்படையாகக் கட்டாயப்படுத்துவது அரசு நிறுவனங்களை. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் என்னென்ன வசதி, எந்தப் பணிகள், யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் அந்தக் கொள்கையைத் தேடிப் படியுங்கள். அது அக்கறையோடு எழுதப்பட்டிருக்கிறதா, கடமைக்கு ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதே உங்களுக்குப் பாதி விடை சொல்லிவிடும்.

என் யோசனை: முதலில் ஆட்டிசம் என்று பெயர் சொல்லாமல் தேவையை மட்டும் எழுத்தில் கேளுங்கள். "கூட்டத்தின் பொருளும் என்னிடம் கேட்கப்போகும் கேள்விகளும் முந்தைய நாள் மாலை கிடைத்தால் தெளிவான பதிலுடன் வருவேன். திடீர்க் கேள்விகளுக்குக் கூட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்புகிறேன்." உங்கள் அறிக்கைகளை மேலாளர் புகழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதற்கு அவர் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொள்ளாவிட்டால், அல்லது ஆண்டு மதிப்பீட்டில் 'பேசுவதில்லை' என்று மதிப்பெண் குறைத்தால், அப்போது ஆட்டிசத்தைச் சொல்வதைப் பற்றி யோசிக்கலாம். சொல்வதாக இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலாகவே சொல்லுங்கள். மருத்துவரிடம் சொன்னதைக் காக்கும் கடமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவருக்கு உண்டு. மேலாளரின் வாயை அந்தச் சட்டம் கட்டாது, ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெறவும் முடியாது. விவகாரம் முற்றினால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்குரைஞரைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

உடனே உதவி நாட வேண்டிய நிலை

வாரத்தில் பல இரவுகள் தூக்கம் கெட்டால், ஒத்திகை 'சரியாக' முடியும் வரை முதலிலிருந்து தொடங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காதீர்கள். முதலில் சொன்னது பதற்றத்துக்கும் இரண்டாவது எண்ணச்சுழல் நோய்க்கும் (ஓசிடி) அறிகுறியாக இருக்கலாம். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. ஓசூர் சாலையில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416 எல்லா நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். போனே சுமை என்று தோன்றினால் கணவர் பக்கத்தில் இருந்து முதல் வரியை அவர் பேசட்டும்.

சிகிச்சைக்கு யாரிடம் போனாலும், பெரியவர்களின் ஆட்டிசத்தோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு போய், தாளைப் பார்த்தே படியுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.